வாணகோவரையன் ஊருக்கு இறங்கும் வழி

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இருட்டியதும் கீழே ஊர் விளக்கெல்லாம் எரியும்; பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சேர்வராயன் மலையடிவாரத்தின் பழங்கதை எந்தப் பக்கமாக வந்து போனது என்று தெரிய வேண்டுமானால் பகோடா பாயின்ட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அங்கே கிழக்கு திறந்து கிடக்கிறது. ஒரு பக்கம் அருநூற்றுமலை, எதிர்ப்பக்கம் போதமலை, நடுவில் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி என்று ஒரு நீளப் பள்ளத்தாக்கு ஆத்தூரைப் பார்த்து நீண்டுகொண்டே போகிறது. இன்னும் கிழக்கே போனால் வடக்கில் கல்வராயன் மலை, தெற்கில் பச்சைமலை. அதற்கப்புறம் கடல் வரை மறிப்பதற்கு மலை கிடையாது.

ஆயுசில் பாதியை நில அளவைத் துறையில் செயின் பிடித்துக் கழித்தவன் நான். எந்த நிலத்தைப் பார்த்தாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றுதான் கண் முதலில் தேடும். சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே ஓடிக் காவிரியில் சேர்கிறது. அருநூற்றுமலையில் பிறக்கிற வசிஷ்ட நதியோ கிழக்கே திரும்பி, ஆத்தூரைத் தொட்டு, சுவேத நதியோடு கலந்து வெள்ளாறு ஆகி, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. ஆக, சேலத்துக்கும் வாழப்பாடிக்கும் நடுவே எங்கோ ஒரு மேடு இருந்தாக வேண்டும். இந்தப் பக்கம் விழுந்த மழை காவிரிக்கு, அந்தப் பக்கம் விழுந்தது வெள்ளாற்றுக்கு. பஸ்ஸில் போகிறபோது அந்த மேடு தெரியவே தெரியாது. எத்தனையோ வருஷம் ஜீப்பில் போய்வந்தும் எனக்குத் தெரிந்ததில்லை.

ஓய்வு பெற்றபின் ஏழு கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஒற்றை ஆள் கூடாரம், ஒரு சின்ன கேஸ் அடுப்பு, யூரியா சாக்கில் தைத்த இரண்டு பைகள். மார்கழியில் ஏற்காட்டிலிருந்து இறங்கி, வசிஷ்ட நதியோடு கூடவே போய் ஆறகளூரைப் பார்ப்பது என்று கிளம்பினேன். மலையேறும் வேலையை எனக்குப் பதிலாக மளிகை ஏற்றிப்போன ஒரு குட்டி லாரி செய்தது. இருபது கொண்டை ஊசி வளைவு. அறுபதைத் தாண்டியவனுக்கு அதில் நிரூபிக்க ஒன்றுமில்லை.

கேள்விப்பட்டவர்கள் எல்லாரும், "பழைய ஊர் பார்க்கணும்னா தாரமங்கலம் போங்களேன்" என்றார்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் பெருமை எனக்கும் தெரியும். கெட்டி முதலிகள் கட்டியது. சிற்பிகள் வேலைக்கு உடன்படிக்கை எழுதும்போது, "தாரமங்கலத்துத் தூண் போலக் கேட்கக் கூடாது" என்று விலக்கி எழுதிக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சே உண்டு. ஆனால் அது கண்ணுக்கு எதிரே நிற்கிற ஊர். எனக்கு வேண்டியிருந்தது, ஒரு காலத்தில் ஒரு நாட்டுக்கே தலைநகரமாக இருந்துவிட்டு, இன்று தலைவாசலுக்குத் தெற்கே ஒரு கிராமமாக ஒதுங்கிக் கிடக்கிற ஊர். அது ஏன் அங்கே எழுந்தது, ஏன் அடங்கியது என்று தரையைப் பார்த்தே சொல்ல முடியுமா என்று ஒரு ஆசை.

மலையில் முதல் இரவு தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில். பழம் பறிக்கிற பருவம். களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த செடி இது. இன்று ஏற்காடு என்றாலே காப்பி, ஆரஞ்சு, மிளகு. அதற்கு முன்பே மலையில் இருந்தவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து, மூத்தவர் சேர்வராயனிலும் மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலுமாகக் குடியேறினார்கள் என்று அவர்கள் கதை சொல்கிறது. கதை கதையாகவே இருக்கட்டும். காஞ்சியிலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்து வருகிறவனுக்கு எது வழி என்று யோசித்தால், நான் கீழே பார்த்துக்கொண்டிருந்த அதே பள்ளத்தாக்குத்தான்.

காலையில் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் போனேன். ராபர்ட் புரூஸ் பூட்டின் நினைவுக் கல் அங்கே இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டு மனிதனின் வயதைப் பல லட்சம் வருஷம் பின்னுக்குத் தள்ளியவர். புவியியல் துறைக்காரர், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக அலைந்து கல்லைத் தட்டிப் பார்த்தவர். வில்லியம் கிங்கோடு சேர்ந்து அவர் அளந்து எழுதிய பகுதிகளில் திருச்சி, தஞ்சையோடு நம் சேலமும் தென்னார்க்காடும் உண்டு. ஓய்வுக்கு அப்புறம் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தவரின் அஸ்தி இங்கேதான் வந்து சேர்ந்தது. கூடாரத்தில் தூங்கி நிலத்தைப் படித்த ஒரு மூத்த அதிகாரிக்கு வணக்கம் சொல்லாமல் கிளம்ப மனசு வரவில்லை.

பூட் காலத்தில் இந்த மலைக் கிராமங்களில் புதிய கற்காலத்துக் கற்கோடரிகள் கிடைத்தன. மண்ணைத் தோண்டி எடுத்தது அல்ல. உழும்போது கிடைத்த வழவழப்பான கல்லை ஊர்க்காரர்கள் எடுத்துவந்து பிள்ளையார் பக்கத்தில் குவித்து வைத்திருந்தார்கள். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கல்லில் ஒரு களை தெரிந்தது, சாமியாகிவிட்டது. இந்தப் பழக்கம் மலையோடு நிற்கவில்லை என்பது கீழே போனபின்தான் தெரிந்தது.

சேலம் வழியாக இறங்காமல் கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கினேன். சரிவு அதிகம், வண்டி குறைவு. கொட்டச்சேட்டில் டீ குடிக்கும்போது கடைக்கார அம்மா சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எதுவரைக்கும் அய்யா?"

"ஆறகளூர் வரைக்கும்மா."

"பஸ்ஸு இல்லீங்களா?"

"இருக்கும்மா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வறுக்கி ஒன்று கூடவே வைத்தார், காசு வாங்கவில்லை.

அடிவாரம் வந்து சேர்ந்தபோது பிரேக் கட்டையில் ரப்பர் வாசனை. அயோத்தியாப்பட்டணத்தில் கோதண்டராமர் கோயில் நாயக்கர் காலத்துத் தூண்களைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினேன். இங்கிருந்துதான் மிதிப்பு. சமதரை போலத்தான் தெரிகிறது. கால் மட்டும் ஒத்துக்கொள்ள மறுக்கிறது. ஒரு கியர் இறக்கினேன், அப்புறம் இன்னொன்று. அப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஒரு இடத்தில் பெடல் லேசாயிற்று. நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். ஒரு பக்கம் மக்காச்சோளக் காடு, இன்னொரு பக்கம் பஞ்சர் கடை. நீர் பிரியும் மேடு இவ்வளவுதான். மேடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதுதான் விஷயமே. மைசூர்ப் பீடபூமியிலிருந்து தொப்பூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கிய சரக்கு வண்டி, இன்னொரு மலை ஏறாமல், மாடு நுரை தள்ளாமல் நேராகக் கிழக்குக் கடற்கரைக்குப் போக இந்த ஒரு திறப்புத்தான் இருந்தது. ஆத்தூர்க் கணவாய் என்று வரைபடத்தில் போட்டால் பெரிய பாறை இடுக்கு ஒன்றை எதிர்பார்த்துப் போவோம். தரையில் அது மக்காச்சோளக் காடு.

வழி ஒன்றே ஒன்று என்றால் அங்கே வசூல் செய்ய ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் இன்று மேட்டுப்பட்டியில் ஒரு சுங்கச்சாவடி, ஆத்தூரைத் தாண்டி நத்தக்கரையில் இன்னொன்று. சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஓரமாகப் புகுந்து போகிற சுகமே தனி.

வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் வந்தால் பாக்குத் தோப்பும் மரவள்ளியும்தான். இங்கே அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். லாரி லாரியாக சேகோ பாக்டரிக்குப் போகிறது. சிமெண்டுக் களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்கிறது. மாவுத்தண்ணீர் புளித்த வாடை ரோடு வரை வருகிறது. வெயில் ஏறிய நேரத்தில் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் எதிர்ப்பட்டார். 146 அடி. 2022-இல் குடமுழுக்கு ஆனது. பக்கத்தில் போய் நின்றேன் என்றாலும், ஒரு கிலோமீட்டர் தள்ளி வயலுக்கு மேலே அவர் தலை தெரிந்தபோதுதான் எனக்கு அழகாக இருந்தது.

ஆத்தூர்க் கோட்டை வசிஷ்ட நதியின் கரையில் உட்கார்ந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் லட்சுமண நாயக்கர் என்ற பாளையக்காரர் கட்டியது என்பது வழக்கு; வேட்டைக்குப் போனபோது புதையல் கிடைத்து அதில் கட்டினார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். எனக்குக் கோட்டைச் சுவரைவிட அது நிற்கிற இடம்தான் முக்கியமாகப் பட்டது. வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, காலடியில் ஆறு. மைசூர்ப் போர்களில் ஹைதரும் ஆங்கிலேயரும் இதைக் கைமாற்றிக் கைமாற்றி அடித்துக்கொண்டதற்குக் காரணம் புதையல் அல்ல. கணவாயின் கிழக்குக் கதவுக்குத் தாழ்ப்பாள் இது. அன்றிரவு ஊருக்கு வெளியே ஒரு கிழங்கு மில்லின் வாட்ச்மேன் தயவில் அவர்கள் களத்தின் ஓரமாகக் கூடாரம் போட்டேன். விடியும்போது கூடாரத் துணியில் பனி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மறுநாள் தலைவாசல் சந்தையைக் கடந்து தெற்கே திரும்பினேன். நான்குவழிச் சாலையின் இரைச்சல் பின்னால் அடங்கிப்போனது. இங்கே ஒன்று கவனித்தேன். பெரிய சாலை வடக்கே தள்ளிப் போகிறது. ஆறகளூரோ ஆற்றை ஒட்டி இருக்கிறது. மாட்டு வண்டிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், பாலம் வேண்டாம். மணல் ஆறு கோடையில் தானே வழிவிடும். இன்றைய சாலைக்குத் தண்ணீர் வேண்டாம், நேர்க்கோடு வேண்டும். பழைய பெருவழி ஆற்றங்கரையோடு போயிருக்கும் என்பது என் கணிப்பு. அது உண்மையானால் ஆறகளூர் ஒதுங்கிய ஊர் அல்ல. ஊர் இருந்த இடத்தில் இருக்கிறது. சாலைதான் ஒதுங்கிப் போய்விட்டது.

இது மகதை நாட்டின் தலைநகரம். ஆண்டவர்கள் வாணர்கள். மாவலி மன்னனின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். தொடக்கத்தில் இவர்கள் நாடு ஆந்திர எல்லைப் பக்கம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் பராந்தக சோழன் அவர்களை அடித்து நிலத்தைப் பிடுங்கி, வாணர்களின் பட்டத்தைக்கூடக் கங்க அரசனுக்குக் கொடுத்துவிட்டான். அப்புறம் இந்தக் குலத்துப் பெயர் தமிழ்நாட்டில் அங்கங்கே சோழ அதிகாரிகளாக, சிற்றரசர்களாகத் தலைகாட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆறகளூரில் அது மறுபடி ஒரு ராஜ்யம் அளவுக்கு நிமிர்ந்து நிற்கிறது. நிலம் போனவன் எங்கே போய் மறுபடி காலூன்றுகிறான் என்று பாருங்கள். காவிரிப் பாசனம் மாதிரி ஒரு நெல் வளம் இங்கே இல்லை. வசிஷ்ட நதி வருஷத்தில் பாதி நாள் மணல். விளைச்சலை மட்டும் நம்பி ஒரு அரச குலம் இந்த மண்ணில் நிமிர முடியாது. வழியில் போகிற சரக்கை நம்பித்தான் நிமிர்ந்திருக்க வேண்டும்.

அந்த நிமிர்வுக்குப் பெயர் பொன்பரப்பினான். ஆறகளூருடைய மகதேசன், ராஜராஜ தேவன், வாணகோவரையன் என்று பட்டங்கள் நீண்டுகொண்டே போகும். மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு அடங்கியவன் என்பது கணக்கு. திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததால் பொன்பரப்பினான் ஆனான் என்பார்கள். இங்கிருந்து வடக்கே இரண்டு மூன்று நாள் நடை அந்தக் கோயில். தெற்கே அதைவிடத் தூரத்தில், புதுக்கோட்டைக் குடுமியான்மலையில், இந்த மகதைப் பெருமாளைப் புகழ்ந்து பாட்டுகளே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சக்கரவர்த்தியின் புகழை ஊர் ஊராக வெட்டுவது வழக்கம். சிற்றரசனுக்கு இத்தனை தூரத்தில் பாட்டு வெட்டுகிறார்கள் என்றால், சக்கரவர்த்தி தளர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்தத் தளர்ச்சிக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் வட பகுதிச் சிற்றரசர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு அதைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். செங்கத்தில் தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள் செய்துகொண்டது அப்படி ஒன்று. இன்னாருக்கு நண்பர் எனக்கும் நண்பர், இன்னாருக்குப் பகைவர் எனக்கும் பகைவர் என்ற ரீதியில் போகும். நம் காலத்துத் தொகுதி உடன்பாடு எல்லாம் தாளில்தான். அவர்கள் சாமி பார்க்கக் கல்லில் வெட்டினார்கள். அப்படியும் எத்தனை நிலைத்தன என்பது வேறு விஷயம்.

நிலைக்கவில்லை. 1231 வாக்கில் காடவர் குலத்துச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். நாமக்கல் சேந்தமங்கலம் அல்ல. உளுந்தூர்ப்பேட்டை பக்கத்தில் இருப்பது. செய்தி துவாரசமுத்திரத்துக்கு எட்டியது. போசள அரசன் இரண்டாம் நரசிம்மன் சோழனை மீட்காமல் விடுவதில்லை என்று படையோடு புறப்பட்டான். அவன் வழியில் மகர ராஜ்யத்தை வேரோடு பிடுங்கி, அதன் அரசனையும் பெண்டுகளையும் பண்டாரத்தையும் பிடித்துக்கொண்டு, ஸ்ரீரங்கம் பக்கத்துப் பாச்சூரில் பாளையம் இறங்கினான் என்று கடலூர் திருவந்திபுரம் கல்வெட்டு சொல்கிறது. அந்த மகர ராஜ்யம் மகதைதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கொள்கிறார்கள்.

சேந்தமங்கலத்தில் இருக்கிற சோழனை மீட்க வருகிறவன் ஆறகளூரை ஏன் முதலில் அடிக்க வேண்டும்? வாணன் காடவனுக்குக் கூட்டாளியாக இருந்திருக்கலாம். ஆனால் நான் சைக்கிளில் வந்த வழியை நினைத்துப் பார்த்தால் இன்னொரு காரணமும் படுகிறது. மைசூர்ப் பக்கமிருந்து யானையும் குதிரையுமாக இறங்குகிற படைக்குக் கிழக்கே போக இந்தத் திறப்பைவிடச் சுலபமான வழி இல்லை. அதன் வாயில் உட்கார்ந்திருந்தவன் வாணகோவரையன். பணம் கொடுத்த அதே கணவாய் படையையும் கொண்டுவந்து விட்டது. சுங்கச்சாவடிக்காரன் வண்டியைத் தடுக்கலாம், ராணுவத்தைத் தடுக்க முடியுமா? அதற்குப் பிறகும் வாணகோவரையர்கள் பெயர் பாண்டியர் காலம் வரை வருகிறது. பொன்பரப்பினான் காலத்துத் தோரணை மட்டும் திரும்பவில்லை.

ஊருக்குள் போனேன். கோட்டையும் அகழியும் இருந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கையை நீட்டி இங்கே அங்கே என்று காட்டுகிறார்கள். கையில் பிடித்துப் பார்க்க இருப்பவை கோயில்கள்: காமநாத ஈசுவரர், கரிவரதராசப் பெருமாள், அம்பாயிரம்மன். காமநாத ஈசுவரர் கோயிலில் எட்டுப் பைரவர்கள். வேறு கோயில்களில் ஈசான மூலையில் ஒற்றைப் பைரவர் காவல் நிற்பார். இங்கே அசிதாங்கர் முதல் சம்ஹாரர் வரை எட்டுப் பேரும் இருக்கிறார்கள். எல்லைக் காவல் சாமியை எட்டாகப் பெருக்கி வைத்துக்கொண்ட ஊர், காவலைப் பற்றி நிறையக் கவலைப்பட்ட ஊராகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அர்ச்சகரிடம் சொன்னேன். "அப்படியெல்லாம் இல்லீங்க சார், அஷ்டமிக்கு வாங்க, கூட்டத்தைப் பாருங்க" என்றார். அன்றைக்குத்தான் தேய்பிறை அஷ்டமி. சாயங்காலமே வேன்களும் கார்களும் வர ஆரம்பித்துவிட்டன. சாம்பல் பூசணியைக் குறுக்கே வெட்டி, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வரிசையாக வைக்கிறார்கள். நள்ளிரவுப் பூஜை. கடன் தீர, வழக்கு ஜெயிக்க, பில்லி சூனியம் போக என்று ஆளுக்கொரு வேண்டுதல். வழிப்போக்கர் கூட்டத்தில் பிழைத்த தலைநகரம் இன்றைக்கும் மாசத்தில் ஒரு ராத்திரி வெளியூர்க்காரர்களால் நிறைகிறது.

அதற்கு முன் மதியம் தியாகனூருக்குப் போய் வந்திருந்தேன். கூப்பிடு தூரத்து ஊர். அங்கே இரண்டு புத்தர் சிலைகள். பத்மாசனத்தில், கைகளை மடியில் வைத்து, தியானத்தில் இருக்கிறார். உட்கார்ந்த நிலையிலேயே ஆளுயரத்துக்கு மேல். ஊர்க்காரர்கள் விளக்கேற்றுகிறார்கள், பூ வைக்கிறார்கள். தோள் வளைவில் எண்ணெய்க் கறை படிந்து கல் மினுமினுக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது. உதட்டோரத்தில் சிரிப்பு என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. வெகு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி வந்து கும்பிட்டுவிட்டுத் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு போனார்.

இதே கணவாயின் மேற்கு முனையில், சேலம் பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே முனியப்பனாகக் கும்பிட்டுவந்த சிலை புத்தர்தான் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொல்லியல் துறை பொறுப்பில் எடுத்துக்கொள்ளவும் உத்தரவிட்டது. மேற்கு முனையில் ஒன்று, கிழக்கு முனையில் இரண்டு. ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் பெயரில் புத்த விகாரம் எழுந்தது. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்த வணிகர்களோடு புத்தரும் நடந்துவந்து, சத்திரம் சாவடி உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வணிகர் கூட்டம் போனபின் சாமியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. மலைமேல் கற்கோடரியைப் பிள்ளையார் பக்கத்தில் வைத்தவர்களும் இவர்களும் ஒரே மாதிரிதான்: எந்தக் கல்லையும் அநாதையாக விடுவதில்லை. பெயரை மட்டும் தங்களுக்குத் தோதாக வைத்துக்கொள்கிறார்கள். அறிஞர்களுக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கு இல்லை. எண்ணெய் பூசியதால்தான் இத்தனை காலம் உடைத்து வீட்டுக்கு அடித்தளம் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

வாணர்கள் போனபின்னும் கணவாயின் பிழைப்புத் தொடர்ந்தது. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் வெள்ளாற்றின் முகத்தில், பரங்கிப்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை போட்டார். கடலோரத்தில் ஏது தாது? சேலத்துக் கஞ்சமலைப் பக்கத்திலிருந்து போயிற்று. சேலத்து இரும்பும் வெள்ளாற்றுக் கடல்முகமும் ஒரே கணக்கில் வருவதைப் பார்த்தால், இந்த ஆற்று வடிநிலத்தை முழுசாகப் படித்த ஆள் அவர் என்றுதான் தோன்றுகிறது. ஆலை நஷ்டத்திலேயே ஓடி நின்றது. ரயில் வந்தது, அப்புறம் நான்குவழிச் சாலை.

பூஜைக் கூட்டத்தில் தூங்க முடியாது என்று ஊருக்கு வெளியே ஒரு பெரியவரின் களத்தில் கூடாரம் போட அனுமதி கேட்டிருந்தேன். எழுபது வயது இருக்கும். கூடாரத்தைப் பார்த்து, "இதுக்குள்ள கால நீட்ட முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து கம்பு தோசையும் சட்னியும் கொடுத்தனுப்பினார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலைங்க பார்த்தீங்க?"

"சர்வே டிபார்ட்மெண்டுங்க. ரிட்டயர் ஆயாச்சு."

அவர் முகமே மாறிவிட்டது. "சர்வேயருங்களா? அப்ப ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

களத்துக்குப் பின்னால் அவர் நிலம். மேற்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி. பத்து வருஷமாக வரப்பு நடந்து நடந்து உள்ளே வருகிறதாம். "செயின் இல்லீங்களே" என்றேன். விடவில்லை. பேரன் போனில் எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படம் இருந்தது, கிழமேல் அளவு மீட்டரில் தெளிவாகப் போட்டிருந்தது. பழைய கோயில்களின் சுவரில் நிலம் அளக்கும் கோலைக் கோடாக வெட்டி வைத்திருப்பார்கள். தகராறு வந்தால் அங்கே போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம். எனக்குக் கோல் இல்லை, சைக்கிள் இருந்தது. முன் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி, பேரன் கொண்டுவந்த தச்சு டேப்பில் அளந்து வைத்துக்கொண்டேன். கிழக்கு எல்லைக் கல்லிலிருந்து மேற்கு வரப்பு வரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன். பேரன் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். படத்தில் இருந்ததைவிட அரைச் சுற்றுக் குறைந்தது. நம்பாமல் மறுபடி உருட்டினோம். அதே அரைச் சுற்று.

"ஒரு மீட்டர் கிட்ட வரும்ங்க" என்றேன். "ஆனா இது கணக்குல சேராது. தாலுகா ஆபீஸ்ல பணம் கட்டி முறையா அளக்கச் சொல்லுங்க. சைக்கிள்ல அளந்தாங்கன்னு அங்க சொல்லிடாதீங்க."

"அங்க எதுக்குங்க சொல்றேன்," என்றார் பெரியவர், வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே. "அவன்கிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."